நாக்கடியில் ஓர் ஆராய்ச்சி

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில், முதல் துணைவேந்தரின் அங்கிக்குப் பக்கத்தில், அம்மாவின் ஆய்வேட்டையும் தெர்மாமீட்டரையும் வைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில், நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசுக் குவார்ட்டர்ஸில், நர்ஸான அம்மா ஆராய்ந்தது இதைத்தான்: சூடாக டீ குடித்தபின் எவ்வளவு நேரம் கழித்து தெர்மாமீட்டர் உண்மை சொல்லும்? சோதனை எலி நான். பனிமூட்டத்தில் எதிர்வீடுகள் கரைந்திருக்கும். இஞ்சி மணம் மெல்ல அடங்க, நாக்கடியில் ஸ்பிரிட் வாசனையோடு கண்ணாடிக் குச்சி வரும்.

"வாயத் திறந்தே, மறுபடி முதல்லேருந்து," என்பாள் அம்மா. ஓயாமல் பேசுகிறவன் நான். அவள் பட்டமோ என் மௌனத்தில் தொங்கியது.

அப்பா பேப்பரை மடிப்பார். "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு. மெதுவாவே முடி, ஜல்தி ஒண்ணுமில்ல."

"இவங்க உங்களுக்கு யார்?" ஆய்வேட்டிலிருந்த அம்மாவின் பெயரைக் காட்டி, காப்பகப் பெண்மணி இந்தியில் கேட்டார். பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. நாக்கு, அங்கே இல்லாத தெர்மாமீட்டரை அழுத்திப் பிடித்திருந்தது.