கஸ்தூரி டீச்சரிடம் சொல்லாமல் விட்ட இடம்

சிதம்பரத்திலிருந்து கஸ்தூரி டீச்சரின் தம்பி போன் செய்தபோது, கடலூரில் எங்கள் குப்பத்துக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க ஐயா" என்றார். கையிலிருந்த வலையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

டீச்சரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்து எங்களைப் போன்ற கிழவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தார். எழுபத்தொரு வயதில் என் பெயரை எழுதக் கற்றேன். அன்றே அதைப் படகிலும் எழுதிவிட்டேன். "அடுத்து அலை மேலயும் எழுதுவீங்க போல மாமா" என்று சிரித்தார். இந்தப் பக்கத்தை எழுத நான்கு நாள் ஆகிறது. இந்தத் துக்கத்திலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. "நாட்டுக்கு எரிபொருள் வேணும். உங்க படகுக்கும் டீசல் வேணும்ல?" என்றார் அதிகாரி. டீச்சர் எழுந்தார். "போறதுக்கு ஒரு எடம் இருந்தாத்தான சார் டீசல்?"

எங்கே மீன் பிடிக்கிறீர்கள், மேப்பில் காட்டுங்கள் என்றார் அதிகாரி. "கடல்லதான் சார், தென்னந்தோப்புலயா?" என்றார் என் மச்சான் ராசு. மண்டபமே சிரித்தது. கடலடியில் மீன் கூடும் பாறை நிலத்தை நாங்கள் 'பார்' என்போம். தன் பாரை எவனும் வெளியே சொல்ல மாட்டான். டீச்சர் என் அருகே குனிந்தார்.

"சொல்லிடுங்க மாமா. நீங்க சொல்லாத எடத்துல மீனே இல்லன்னு எழுதிடுவாங்க."

"எங்கப்பா எனக்கு மட்டும் காட்டின எடம் டீச்சர். இவனுக்கே தெரியாது."

"எனக்கும் ஒண்ணு இருக்கு, ஒனக்குத் தெரியுமா?" என்றார் ராசு. கடைசிவரை யாரும் தன் இடத்தைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து டீச்சர் அந்தக் கிணற்றுத் திட்டத்தின் அறிக்கையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு வரியில் விரல் வைத்து, "நீங்களே படிங்க மாமா" என்றார். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'இப்பகுதியில் மீன்பிடிப்பு நடைபெறுவதில்லை.' யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் முழு வரி அது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டீச்சர் மட்டும் தட்டவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றார். அப்போதுதான் பொருள் விளங்கியது. கீழே இருந்த படத்தில் வட்டமிட்டிருந்தது என் பார்.

இரண்டு நாள் உட்கார்ந்து என் கையாலேயே ஆட்சேபணை எழுதினேன். டீச்சர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பஸ்ஸில் கூடவே வந்து ஆபீசில் கொடுத்தார். ஆட்சேபணை தெரிவிக்கும் நாள் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் ஒரு முறைகூட 'அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எழுத்தும், இடத்தைச் சொல்லிவிடும் புத்தியும். இரண்டும் தாமதமாக வந்தவை. என் பார் இருக்கும் இடம் இதுதான்: தொழிற்பேட்டையின் உயரமான புகைபோக்கி கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் வரும்படி வைத்துக்கொண்டு, கிழக்கே பதினெட்டுப் பாகம், அதாவது நூறடிக்கு மேல், ஆழம் வரும்வரை போக வேண்டும். மாசிக்குப் பிறகு வஞ்சிரம் கூடும். இன்று அங்கே இரும்பு மேடை நிற்கிறது. கிட்டே போனால் காவல் படகு விரட்டுகிறது.

ராசுவுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

"நல்ல எடம் மச்சான்" என்றார்.