பையோடு வரச் சொன்னவள்

மாதக் கூட்டம் என்றால் எனக்கு முந்தின நாளே வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அல்சர் இல்லை. அல்சருக்கு மாத்திரை என் கைக்கெட்டுகிற அலமாரியிலேயே இருக்கிறது. இந்த எரிச்சலுக்குப் பெயர் பொறாமை, காரணம் அடையாற்றில் இருந்தாள்.

நான் மயிலாப்பூரில் அரசு ஓய்வூதியர்களுக்கு மருந்து கொடுக்கிற மருந்தகத்தில் பார்மசிஸ்ட். அவள் அடையாறு மருந்தகத்தில் அதே வேலை. ஒரே வகுப்பில் படித்து ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். கொஞ்ச காலமாக மேலிடத்திலிருந்து ஒரே பாட்டு: மருந்துச் செலவைக் குறை. கம்பெனிப் பெயர் போட்ட விலை கூடிய மாத்திரையை நிறுத்து, அதே மருந்தை விலை குறைந்த ஜெனரிக்காகக் கொடு, வெளிக்கடையில் வாங்கித் தருவதை விடு. யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று கூட்டத்தில் அதிகாரி வாசிப்பார். மாதா மாதம் அடையாறுதான் முதலில்.

"அடையாறைப் பாருங்க. செலவும் குறைஞ்சிருக்கு, ஒரு புகாரும் இல்ல. மயிலாப்பூருக்கு என்ன வந்துச்சு?" என்பார். என் மூஞ்சி தொங்கிப்போகும். அவள் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. ஒரு தடவை இளித்திருந்தால்கூட மனசாரத் திட்டியிருப்பேன்.

நானும் குறைக்காமல் இல்லை. "வழக்கமா தர்ற ரோஸ் மாத்திரை எங்க?" என்று கேட்பார்கள். "இதுவும் அதே மருந்துதான், நகருங்க" என்று வெள்ளை மாத்திரையைக் காகித உறையில் போட்டு ஜன்னல் வழியாகத் தள்ளுவேன். வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்போது பாடமா நடத்த முடியும்? புகார்ப் புத்தகம் மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

அந்தப் புத்தகத்தை நான் சட்டை செய்யாததற்குக் காரணம் ஒரு பெரியவர். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். அடுத்த ஜன்னலில் ஆளே இல்லாவிட்டாலும் என் வரிசையில்தான் நிற்பார். "நான் அவர்கிட்டயே வாங்கிக்கறேன்" என்று அவர் சொல்வது காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்கு அது போதும். அப்படிப்பட்டவரை இரண்டு மாதமாகக் காணோம். இந்த வேலையில், காணோம் என்றால் மனசு ஒரே இடத்துக்குத்தான் போகும்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. பக்கத்து மருந்தகத்தில் கைமாற்றாக வாங்கிவருவது வழக்கம். உதவியாளர் போகிற வேலை. நானே போகிறேன் என்று கிளம்பினேன். அடையாற்றில் அவள் என்ன தில்லுமுல்லு செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். நோயாளிகளை விரட்டுகிறாள், அது என் கண்ணில் பட வேண்டும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே வரிசையில் எல்லார் கையிலும் ஒரு பை. மஞ்சள் பை, துணிக்கடைப் பை, ஒருவரிடம் பிஸ்கட் டப்பா. வாசலில் இருந்த ஆயாவிடம் என்ன என்று கேட்டேன்.

"பை இல்லாங்காட்டி அம்மா வுடாது சார். வூட்ல கீற மாத்திரை அத்தினியும் எடுத்தாந்து காட்டணும்."

ஜன்னலில் அவள் ஒருவரின் பையை எவர்சில்வர் தட்டில் கொட்டினாள். பிரித்து வைத்தாள். "இது உங்ககிட்டயே நெறைய இருக்கே, இத முடிச்சிட்டு வாங்கிக்கலாம். இத எப்ப போடறீங்க? சாப்பிட்டா, சாப்பிடாமயா?" அவ்வளவுதான் வித்தை. நான் தேடி வந்த தில்லுமுல்லு இல்லை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற நினைப்பில் உடம்பு சுட்டது.

அப்போதுதான் பெஞ்சில் அவரைப் பார்த்தேன். என் பெரியவர். மடியில் பை, புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி வருவதற்கு முன்னால், இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்ற ஆத்திரம் வந்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

"என்ன சார், நம்மள மறந்துட்டீங்களா?"

"ஆத்துல பாத்ரூம்ல விழுந்துட்டேன். பொண்ணு இங்க அழைச்சுண்டு வந்து வெச்சிண்டா. இப்போ தேவலை, மயிலாப்பூருக்கே திரும்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க நன்னாத்தான் குடுப்பேள். இவா கேக்கறா."

மதியம் ஜன்னலை மூடியதும் அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு காகித உறைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் ரோஸ் மாத்திரை, ஒன்றில் வெள்ளை. இரண்டின் மேலும் 'காலை 1'. இரண்டும் என் கையெழுத்து.

"அவரோட பையில இருந்துச்சுப்பா. மறந்த நாள்ல மிஞ்சின பழசு கொஞ்சம் வெச்சிருந்திருக்கார். நீ குடுத்த வெள்ளைய புதுசா சேத்த மாத்திரைன்னு நெனச்சு தினம் ரெண்டையும் போட்டிருக்கார். பிரஷர் எறங்கித்தான் விழுந்திருக்கார். அடி கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணு போதும்னு மட்டும் சொன்னேன். நீ எழுதினதுன்னு சொல்லல."

"கூட்டத்துல?"

"அங்க எதுக்குப்பா?"

மறுநாளே நானும் பையோடு வரச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அதிகாரி அவளிடம் எப்படிச் செலவைக் குறைத்தாய் என்று கேட்டார். என் இரண்டு உறைகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அத்தோடு தீர்ந்தேன். "மயிலாப்பூர்லயும் செய்யறாங்க சார், அவரே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அதிகாரி பாராட்டினார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். இதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மாதம் ஒரு தடவை எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் பெரியவர் பையோடு நிற்பது என் ஜன்னலிலிருந்து தெரியும். என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அதற்குள் அடையாறு பஸ் வந்துவிடும்.