நிறுத்தி வைத்த ஏழு கற்கள்

இங்கிலாந்தில், டார்செட்டின் ஓட்டர்கூம் ஊரில் எட்கர் டக்வெல் நாற்பதாண்டுக் கொத்தனார். போர் முடிந்த வருஷத்து வெள்ளத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் சரிந்தபோது, ஐந்நூறு வருஷத்துக் கல் பாலத்தைத் தொட ஊர் மன்றம் அவரைத்தான் நம்பியது.

கல் மண்ணுக்குள் எப்படிப் படுத்திருந்ததோ, சுவரிலும் அப்படியே படுக்க வேண்டும். நிறுத்தினால் அதன் அடுக்குகளில் நீர் இறங்கி, உறைபனியில் பிளந்துவிடும். அவர் கற்ற முதல் பாடம் அது. ஆனால் அறுவடைத் திருவிழாவுக்குள் முடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். நிறுத்தி வைத்தால் சுவர் சீக்கிரம் உயரும், பார்வைக்கும் அழகு. ஏழு கற்களை நிறுத்தி வைத்தார்.

நான்காவது குளிர்காலத்தில் சுவரின் அந்தப் பகுதி ஆற்றுக்குள் விழுந்தது. முந்தின நாள்தான் ஜிப்சிகளின் குதிரை வண்டிகள் பாலத்தைக் கடந்து, வழக்கம்போல் கரையோரப் புல்வெளியில் தங்கியிருந்தன. ஊருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மன்றத் தலைவர் பாஸ்கோ கூட்டத்தில் எல்லார் முன்னும் கேட்டார். "சக்கரம் இடிச்சிருக்குமா, எட்கர்?"

எட்கருக்குக் காரணம் தெரியும். "இருக்கலாம்" என்றார்.

ஜிப்சிகளின் சார்பில் வந்த லவினியா லவெலுக்கு யாரும் நாற்காலி தரவில்லை. வாசலில் நின்றே பேசினாள். "எங்க வண்டி அகலம் ஆறடி, பாலம் ஒன்பதடி. அளந்து பாத்தீங்களா மேஸ்திரி?"

"ஊர்க் கோழி காணாமப் போனப்பவும் இப்படித்தான் கணக்கு சொன்னீங்க" என்றான் கசாப்புக்காரன். சபை சிரித்தது. எட்கரும் சிரித்தார்.

மறுநாளே அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். இனி அந்தப் புல்வெளியில் தங்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டார்கள்.

சுவரைத் திரும்பக் கட்ட, எட்கர் கற்களை ஆற்றிலிருந்து மேலே இழுத்தார். ஏழும் உறைபனியில் இதழ் இதழாகப் பிரிந்திருந்தன. சக்கரம் பட்ட தடம் ஒன்றிலும் இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். தீர்மானத்தை ரத்து செய்யவும் கேட்டார்.

"விடுப்பா" என்றார் பாஸ்கோ. "அவங்க எப்படியும் போகவேண்டியவங்கதானே. இந்தத் தடவை கல்லைப் படுக்க வெச்சுக் கட்டு." உன் நேர்மை யாருக்கு வரும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எட்கருக்குக் கை கூசியது.

பதினொரு மைல் தள்ளி, சாலையோரச் சேற்றில் லவினியாவின் வண்டியைக் கண்டுபிடித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

வாளியைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள். "சக்கரம் இடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், மேஸ்திரி. தீர்மானத்த மாத்திட்டாங்களா?"

இல்லை என்றார்.

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

என் மனசு லேசாகட்டும் என்றுதான் வந்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.