பிறெடியின் ஆறுமாதச் செக்கப்

“மல்லி, நீங்க போங்க தம்பி. எனக்குச் சும்மா செக்கப் தானே” என்று நம்பர் துண்டை, கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தவரின் கையில் திணித்துவிட்டுப் பிறெடி விறுவிறுவென்று படியிறங்குகிறார். கொட்டாஞ்சேனையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் கிளினிக் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கொச்சிக்கடை அந்தோனியாரைக் கும்பிட்ட கையோடு, செவ்வாய்க்கிழமையில் அங்கே வருவார். வந்து, நம்பர் எடுத்து, அதைத் தானம் செய்துவிட்டுப் போவார். டொக்டரின் கதிரையில் அவர் முதுகு பட்டதாகச் சரித்திரம் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் ஓரிடத்தில் இருக்கமாட்டார். இருப்பார், எழும்புவார், காற்றாடியைக் கூட்டுவார், யாரும் குளிருது என்று சொல்லும் முன்னமே குறைப்பார், ஜன்னலால் எட்டி மழைமேகத்தை விசாரிப்பார். மூக்குக்கண்ணாடிக்குள்ளால் கண் மட்டும் கன்னங்களிலேயே இருக்கும். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணும் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியின் நசுங்கலைப் பார்த்தே உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறதா என்று சொல்லிப் பழகியவர். அறையில் ஆகப் பெரிய வீக்கம் எது என்று கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வேலையா? வீக்கம் அகப்படாத நாளில் அழுகிற பிள்ளை போதும். பிள்ளையும் இல்லாவிட்டால், பஸ்ஸுக்கு அவசரப்படுகிற தூரத்து ஹெந்தளைக்காரர் யாராவது இல்லாமலா போய்விடுவார்?

இவர்தான் தான் குடியிருக்கும் ஒழுங்கைக்குப் பல் சுகாதார அமைச்சர். பூசை முடிந்து கோயில் வாசலில், நப்ரீஸின் பலசரக்குக் கடையில், ஆளைக் கண்ட இடத்தில் பிரசங்கம். “நோ வந்தாப் பிறகு போனா அது செக்கப் இல்லை, செத்தவீடு” என்பது அதன் சாரம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் உண்மை. தொல்லை தாங்காமல் போன நப்ரீஸுக்கு, ஒரு நோவும் இல்லாத கடைவாய்ப் பல்லில் கடுகளவு சூத்தை அகப்பட்டது. சின்ன அடைப்போடு காரியம் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பல்லைப் பிடுங்க வேண்டி வந்திருக்கும் என்றாராம் டொக்டர் ரிஸ்லா. அன்றிலிருந்து நப்ரீஸ், பிறெடிக்கு மட்டும் வெங்காயத்தைப் பொறுக்கிப் போடுகிறார்.

ஆனால் அமைச்சரின் ஆகப் பெரிய சாதனை அவர் மனைவி ஐறீன். முன்பள்ளி ஆசிரியை. பல் டொக்டர் என்றாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர். “நான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்ப் படுத்திட்டு வாறனான் தானே. ஒண்டுமே தெரியாது” என்று இவர் சொன்னதை நம்பி, சனிக்கிழமைகளில், செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு அந்தக் கதிரையில் ஏறி இறங்குகிறார். அவருடைய பற்கள் அத்தனையும் பத்திரம்.

போன கிழமை பிறெடியின் இடது கன்னம் வீங்கத் தொடங்கியது. காற்று அடித்துவிட்டது என்றார். கராம்பை ஒதுக்கிக்கொண்டு, பாண் துண்டைத் தேநீரில் தோய்த்து வலப்பக்கத்தால் மென்றார். ஐறீன் இரண்டு நாள் பார்த்தார். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கொண்டு தானும் கூட வந்தார். வரவேண்டாம் என்பதற்குப் பிறெடி சொன்ன காரணங்கள் ஜம்பட்டா வீதி முழுக்க நீண்டன.

நம்பர் கொடுக்கிற ரொஷேல் வார நாட்களில் மட்டும் வேலை செய்பவள்; ஐறீனைக் கண்டதில்லை. அவள் பிறெடியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அங்கிள், இண்டைக்கு ஆருக்குக் குடுக்கப் போறீங்க?”

“என்னத்தைக் குடுக்கிறது?” என்று ஐறீன் கேட்டார்.

“நம்பரைத்தான் அன்ரி. அங்கிள் ஒருநாளும் உள்ளுக்குப் போனதில்லை தானே. அவ்வளவு நல்ல மனசு.”

பிறெடி காற்றாடி சுவிச் வரை போனார், திரும்பி வந்தார். தன்னைப் புகழ்ந்த ஒருத்தியை ஒரு மனிதன் இவ்வளவு வேதனையோடு பார்த்திருக்க முடியாது. மற்றவர்களுக்குத்தான் கூட நோ, பாவங்கள், என்று ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தார். ஐறீன் குரலை உயர்த்தவில்லை.

“நான் செத்துச் செத்துப் போய் வந்தது, நீங்களும் போறீங்க எண்டு நம்பித்தான். இண்டைக்கு நீங்க போகாட்டி, இனி நானும் வரமாட்டன்.”

 சொன்னால் செய்துவிடுகிற ஆள் ஐறீன். பிறெடி இருந்தார், உடனே எழும்பினார், ஜன்னலுக்குப் போனார், அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பி வந்து இருந்தார்.

அவருடைய நம்பரை ரொஷேல் கூப்பிட்ட அதே நேரம், முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் துவாயால் தாடையைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். கன்னம் பேக்கரிப் பணிஸ் போல உப்பியிருந்தது. பிறெடியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கை சட்டைப் பையைத் தேடியது. “மல்லி…” என்று பாதி எழுந்தார்.

ஐறீன் அவருக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால், எதிரே நிற்பவரின் கன்னம் வீங்கியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்று பிறெடிக்குத் தெரியாது. ஐறீன் அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றி, மடித்து, தன் கைப்பைக்குள் போட்டு ‘டக்’கென்று மூடினார்.