ஆகஸ்ட் வரைக்கும் இரண்டு பேர்

ஜூன் மாதம் பள்ளி திறந்த திங்கட்கிழமைதான் மகாலட்சுமி ஊரைவிட்டுப் போனாள். வாசலில் வாழைக்கன்று கட்டி, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை முனீஸ்வரிக்கு, ரோட்டோரம் நின்ற ஜீப்பின் தலைமேல் பாயும் அண்டாவும் ஏறுவது தெரிந்தது. கரண்டியைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஜீப்புக்குள் மகாலட்சுமியின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் வகுப்புக்குப் போகவேண்டிய பவுனு, இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய கர்ணன். பவுனு பள்ளிச் சீருடை போட்டிருந்தாள். வெளியூருக்குப் போட அவளிடம் இருந்த கிழியாத உடுப்பு அதுதான்.

ஓடைக்கரைப்பட்டி கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். பாதி வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய், பொழுது சாய இறங்குவார்கள். மகாலட்சுமியும் அப்படிப் போய் வந்தவள்தான். இப்போது அவள் புருஷன் ஈஸ்வரபாண்டிக்கு மேலேயே நிரந்தர வேலை கிடைத்து, லயம் என்று அவர்கள் சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்றையும் ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போகக்கூடாதா, பிள்ளைகளையாவது இங்கே யார் வீட்டிலாவது விட்டுப் போகக்கூடாதா என்று முனீஸ்வரி மூச்சு வாங்கக் கேட்டாள். மகாலட்சுமி கடைசி மூட்டையை ஜீப்புக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"அங்கன தமிழ் சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடம் இருக்கு டீச்சர். டி.சி. மட்டும் இந்த வாரத்துக்குள்ள குடுத்துருங்க. அங்கன சாரு அவசரமாக் கேக்குறாக."

"தாரேன்" என்றாள் முனீஸ்வரி. எப்போது என்று சொல்லவில்லை. ஜீப் கிளம்பியது.

அவள் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவளுடைய பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். முனீஸ்வரி பிறந்தது அல்லிநகரத்தில். அப்பா தேனி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஆசிரியர் பயிற்சி முடித்து அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு ஓராசிரியர் பள்ளியில். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் உதிர்ந்து, கடைசியில் அந்தப் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது பூட்டுச் சாவியைக் கொண்டுபோய் அலுவலகத்தில் ஒப்படைத்தவள் அவள்தான். அந்தக் கட்டிடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள்.

ஓடைக்கரைப்பட்டிக்கு வந்தபின் அவள் மாறுதல் கேட்டதே இல்லை. கோடை விடுமுறையில் வெயிலில் வீடு வீடாக ஏறி, உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கேட்பாள். சேர்ப்பவர்களுக்குச் சொந்தச் செலவில் பை வாங்கிக் கொடுப்பாள். புருஷன் விஜய்பாண்டி சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறவர். ஓட்டுக் கேட்கிறவர்கள்கூட அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார்கள், நீ வருஷா வருஷம் போகிறாயே என்று கேலி செய்வார். என்ன கேட்டு என்ன, தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊர் முக்கில் வந்து நின்று ஒலி எழுப்பினால் இருக்கிற பிள்ளையும் அதைத்தான் பார்க்கிறது.

பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு பேர். அவளும், உத்தமபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பாஜிலாவும். ஆகஸ்ட் முதல் தேதியன்று வருகைப் பட்டியலில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். மகாலட்சுமியின் பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர். இல்லையென்றால் ஒருவர். ஒருவர் என்று ஆகிவிட்ட பள்ளி அடுத்து என்ன ஆகும் என்று முனீஸ்வரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கரைப்பட்டிப் பிள்ளைகள் லாரி ஓடுகிற பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் நடக்க மாட்டார்கள்.

அந்த வாரமே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தலைமையாசிரியர்கள் கூட்டம் நடந்தது. வருஷத் தொடக்கக் கூட்டம். திரையில் ஒவ்வொரு பக்கமாக ஓட்டி, இந்த ஆண்டு புதிதாக வந்தவை என்று அலுவலர் வாசித்தார். வருகைப்பதிவுச் செயலி மாறியிருக்கிறது, காலை உணவுக் கணக்கை அன்றன்றே ஏற்ற வேண்டும், ஆதார் இல்லாத பிள்ளைகளுக்கு முகாம், வங்கிக் கணக்கு, கழிப்பறைப் புகைப்படம். வாட்ஸ்அப்பில் "மிக அவசரம்" என்று வருகிறதைப் பார்க்காமல் விட்டால் விளக்கம் கேட்கப்படும். கடைசியாக, வேறு ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயரைக் கணினியிலிருந்து உடனே விடுவிக்க வேண்டும், இங்கே விடுவித்தால்தான் நாட்டில் எந்தப் பள்ளியும் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ள முடியும் என்றார்.

முனீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டியன் என்ற தலைமையாசிரியர், பாடம் நடத்துவதற்கு ஏதாவது செயலி வந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டு இரண்டு வரிசையைச் சிரிக்க வைத்தார். டீ இடைவேளையில் முனீஸ்வரி தன் சங்கடத்தை அவரிடம் சொன்னாள். அவர் யோசிக்கவே இல்லை.

"ஆகஸ்டு தாண்டட்டும் டீச்சர். அதுவரைக்கும் டி.சி.யில கை வைக்காதீக. நம்ம பக்கம் எல்லாரும் செய்யிறதுதான்."

உண்மைதான், எல்லாரும் செய்வதுதான். சீசனுக்கு மலையேறிப் பொங்கலுக்கு இறங்குகிற குடும்பங்கள் உள்ள ஊர்களில், பிள்ளை எங்கே இருந்தாலும் பெயர் பள்ளியில் இருக்கும். யாருக்கும் அதனால் எதுவும் ஆனதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

மகாலட்சுமி வெள்ளிக்கிழமை போன் செய்தாள். கணினி வேலை செய்யவில்லை என்றாள் முனீஸ்வரி. அடுத்த வாரம் செய்தாள். அலுவலகத்தில் கையெழுத்தாக வேண்டும் என்றாள். அதற்கடுத்து மகாலட்சுமி கூப்பிடவில்லை, முனீஸ்வரிக்கு அது நிம்மதியாக இல்லை. போன் மணி அடித்தாலும் திக்கென்றது, அடிக்காவிட்டாலும் திக்கென்றது.

இதற்கிடையில் தினமும் வருகைப்பதிவில் இரண்டு பெயர்களுக்கும் வந்ததாகப் பச்சை போட வேண்டியிருந்தது. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் தனியாகக் காட்டும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். முதல் நாள் போட்டபோது விரல் கூசியது. ஜூலை பிறந்தபோது கூசவில்லை. ஒரு நாள் பாஜிலா அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளைகள் சாப்பிடப் போனபிறகு சொன்னாள்.

"எனக்காகச் செய்யாதீகக்கா. என்னையப் போடிப் பக்கம் தூக்கிப் போட்டாலும் போயிக்கிறேன்."

"உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றாள் முனீஸ்வரி. "நீ போயிட்டா நான் ஒருத்தி. நான் மீட்டிங்குக்குப் போற அன்னைக்கெல்லாம் பள்ளிக்கூடம் பூட்டு. ரெண்டு தடவை பூட்டுனா போதும், மிச்சப் பிள்ளையையும் வேன் அள்ளிட்டுப் போயிரும்."

"அந்தப் பொண்ணு இப்ப எங்கக்கா படிக்கிது?"

முனீஸ்வரி தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

ஜூலைக் கடைசியில் வாட்ஸ்அப்பில் இன்னொரு மிக அவசரம் வந்தது. இந்த முறை பட்டியலை மட்டும் நம்பப் போவதில்லை, ஆகஸ்ட் முதல் தேதியன்று சிறிய பள்ளிகளுக்கு ஆள் நேரில் வந்து தலையை எண்ணுவார். சனிக்கிழமை விடியுமுன்னே முனீஸ்வரி தொழிலாளர் ஜீப்பில் ஏறி, கூடைகளுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்தாள்.

ஜீப்பில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். டீச்சரும் காய் எடுக்க வந்துவிட்டார்களா, அரசாங்கச் சம்பளம் பத்தவில்லையாக்கும் என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"இல்ல ஆத்தா," என்றாள் பின்னால் இருந்த முத்துப்பிள்ளை. "பிள்ளை பிடிக்க வந்துருக்காக."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. முனீஸ்வரியும் சிரித்து வைத்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, மகாலட்சுமியிடம் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லயத்தின் கடைசி வீட்டு வாசலில் பவுனு யாருடைய கைக்குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் குழந்தையை இறக்கிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"டி.சி. கொண்டாந்தீகளா டீச்சர்?"

முனீஸ்வரி கொண்டுவரவில்லை. உள்ளே வாங்க என்று மகாலட்சுமி கூப்பிட்டு, பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் போய் உட்கார்ந்திருந்தார்கள், சார் போகச் சொல்லவில்லை, ஆனால் பெயர் ஏறாததால் புத்தகம் கிடைக்கவில்லை, பேர் கூப்பிடும்போது எல்லாரும் கை தூக்க பவுனு மட்டும் சும்மா இருக்க வேண்டியிருந்ததாம், பிறகு அவளே போகமாட்டேன் என்றுவிட்டாள். தம்பியும் நின்றுவிட்டான். இதையெல்லாம் மகாலட்சுமி கோபமில்லாமல் சொன்னாள். கோபித்திருந்தால் முனீஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எதிர்ச் சரிவில் அந்தப் பள்ளியின் தகரக் கூரை தெரிந்தது. அங்கேயும் ஒரு ஆசிரியர் இருப்பார், அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று முனீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரே ஒரு நாள் பிள்ளைகளைக் கீழே கூட்டி வர வேண்டும். அந்த நாள் தவறினால் பள்ளிக்கூடம் போய்விடும்.

மகாலட்சுமி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். கீழே ஓடைக்கரைப்பட்டிப் பள்ளியில்தான் அவளும் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள்.

"கூட்டியாரேன். அன்னைக்கே கையில குடுத்துருவீகளா?"

"சாயங்காலமே குடுத்துருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆகஸ்ட் முதல் தேதி அவர்கள் வந்தார்கள். பவுனு தலைவாரிப் பூ வைத்து, பை நிறையப் பழைய புத்தகங்களை அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் வகுப்புத் தோழி பொன்னாத்தாள் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். எண்ண வந்தவர் வரிசையாக எண்ணினார், நாலாம் வகுப்பில் யாராவது வாசியுங்கள் என்றார், பவுனு எழுந்து ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தாள். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர் முனீஸ்வரியிடம் சொன்னார். டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார், போனார்.

பள்ளி பிழைத்தது. மத்தியானம் பவுனு, தான் இல்லாத நாட்களில் நடந்த பாடத்தையெல்லாம் பொன்னாத்தாளிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடத்தையும் குறித்துக்கொண்டாள். இது ஒரு நாளைக்கு மட்டும்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் இரண்டு ஆசிரியர்களுக்கும் புரிந்தது. மகாலட்சுமி சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்.

மணி அடித்ததும் முனீஸ்வரி கணினியில் இரண்டு பெயர்களையும் விடுவித்து, சான்றிதழ்களில் கையெழுத்திட்டு மகாலட்சுமியிடம் கொடுத்தாள். பவுனு தாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு வர வேண்டாமா டீச்சர்?"

பாஜிலா உள்ளே போய்விட்டாள். முனீஸ்வரி, அங்கேயும் நல்ல பள்ளிக்கூடம்தான், நீ நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று ஏதோ சொன்னாள். பவுனு அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கர்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, ஜீப் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தாள்.

இரண்டு ஆசிரியர் பணியிடமும் தொடர்கிறது என்று பிறகு உத்தரவு வந்தது. பாஜிலா அதை வாசித்துவிட்டு மேசைமேல் வைத்தாள், முனீஸ்வரி அதைக் கோப்பில் போட்டாள். மழைக்காலம் வந்தது, அரையாண்டுத் தேர்வு வந்தது. பவுனு மேலே படித்துக்கொண்டிருக்கிறாள் என்று முனீஸ்வரி தனக்குத் தானே அடிக்கடி சொல்லிக்கொண்டாள். போன் செய்து கேட்கலாம் என்று எடுப்பாள், வைத்துவிடுவாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்த அன்று, தெரியாத எண்ணிலிருந்து அவளுடைய போனுக்கு இது வந்தது:

"வணக்கம் டீச்சர். என் பெயர் அப்துல் சமது. மலைமேல் பள்ளியில் தமிழ்ப் பிரிவு ஆசிரியராக இருந்தேன். உங்கள் எண்ணை மகாலட்சுமி கொடுத்தார்கள். இங்கே பிள்ளைகளை எண்ணுவது ஆகஸ்டில் அல்ல, ஜூனில், பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில். அன்று பவுனுவும் கர்ணனும் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பட்டியலில் பெயர் இருந்ததால் எங்கள் கணக்கில் வரவில்லை. தமிழ்ப் பிரிவு தொடர எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான் குறைந்தது. ஆகஸ்டில் நீங்கள் விடுவித்ததும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் நவம்பரில் தமிழ்ப் பிரிவை எடுத்துவிட்டு என்னை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கர்ணனை மலையாள வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். பவுனு ஒரு வாரம் போய்விட்டு நின்றுவிட்டாள், லயத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் பெயர்களைப் பிடித்துத்தான் வைத்திருப்பேன். கம்பத்தில் பெண்பிள்ளைகளுக்கு விடுதி ஏதாவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். அவளை மறுபடி உங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்ள முடியுமா? கணக்குக்காக இல்லை டீச்சர். போன வாரம் பார்த்தபோது ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள்."