சுண்ணாம்பு தொடாத கை

எங்கள் அயர்ஷைர் பக்கத்தில் கொத்தனார் சங்கத்தில் சேராமல் கல் அடுக்குகிறவனைக் கௌவன் என்பார்கள். முதலில் அது வயலுக்கு வேலிச்சுவர் வைப்பவனின் தொழிற்பெயர்தானாம். கொத்தனார்கள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொண்ட பிறகு, அது தெரியாதவன் எல்லாம் கௌவன் ஆனான். பிறகு கதவோரம் ஒட்டுக்கேட்பவனுக்கும் அதுவே பெயராயிற்று. எங்கள் ஊர்க் கௌவனான நினியன் மெயின், யார் பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை. கல்லைத் தட்டி அதன் ஒலியை மட்டும் கேட்பார்.

கௌவன் களிமண் வைத்துக் கட்டலாம். சுண்ணாம்புச் சாந்தைத் தொடக்கூடாது. தொட்டால் சங்கத்தார் சுவரை இடித்து, கருவிகளையும் பறித்துக்கொள்வார்கள்.

புயலில் எங்கள் மாட்டுக்கொட்டில் சுவர் விழுந்தது. கொத்தனார்கள் பனிக்காலம் கழித்து வருவதாகச் சொன்னார்கள். நினியன் மறுநாளே வந்தார். கையில் எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவார். பதினோரு நாளில் சுவர் எழுந்தது.

வாயால் நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக, அவர் போனபின் சுவரின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்தேன். இரண்டு நாள் மழை கல்மேல் இருந்த வெள்ளையைக் கழுவி, இடுக்குகளில் மட்டும் விட்டுவைத்தது.

அதைப் பார்த்துச் சங்கத் தலைவர் கோப்லண்ட் இரண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்தார். நினியனையும் வரவழைத்தார்.

"என்னடா கௌவா, சாந்து பூசுற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?"

"நான் சுண்ணாம்பே தொடலீங்க."

"அப்ப இடுக்குல இருக்கிறது என்ன, பசும்பாலா?"

ஆட்கள் சிரித்தார்கள். நினியன் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுவரைவிட்டு விலகி நின்றார். கடப்பாரை மேலே போயிற்று.

"நான்தாங்க வெள்ளையடிச்சேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கௌவனுக்கு வக்காலத்தா, எல்ஸ்பெத்?"

"ஒரு கல்லை உருவி உள்ளே பாருங்க."

கோப்லண்ட் கடப்பாரையால் நெம்பினார். கல் அசையவில்லை. ஆட்களும் முயன்று கை சிராய்த்ததுதான் மிச்சம்.

"நீயே எடுடா!"

நினியன் இடுக்கில் செருகியிருந்த இரண்டு சில்லுக்கல்லைத் தட்டி எடுத்து, பெரியதை ரொட்டியைப் போல உருவிக் கொடுத்தார். கோப்லண்ட் கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். வெறும் களிமண்தான் கையில் வந்தது.

கல்லைத் திரும்ப வைக்கப் பார்த்தார். மூன்று விதமாகத் திருப்பியும் உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீயே வச்சிடுப்பா."

நினியன் ஒரே தடவையில் வைத்தார். அவர்கள் போனபின் என்னிடம் சொன்னார்: "இனிமே வெள்ளையடிக்க ஆசை வந்தா, உள்பக்கம் அடிம்மா."