லோடு ஏற்றிப் பார்த்த இடுப்பு

மேலேகீழே என்று ஊர் கூப்பிடுகிற மனிதர் நடந்து வந்தால் மூன்று தெரு தள்ளிக் கட்டியிருக்கும் நாய்களெல்லாம் எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொள்ளும். அவர் இடுப்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும். சரி, மூன்று தெரு என்பது என் கைச்சரக்கு. பக்கத்து வீட்டு நாய் ஒன்று, ஒரே ஒரு தடவை, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஆனால் சத்தம் வந்தது நிஜம். அதில் நான் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். அதனால்தான் ஊர் அந்தப் பெயரை வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே யோசித்துத்தான் சொல்வாள். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிப்டுகளில் பாதி, அவர் கை பட்டுத்தான் மேலே போய்க் கீழே வந்தது. அவர் மட்டும் லிப்டில் ஏறமாட்டார். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை படியேறித்தான் போவார். ஏன் என்று கேட்டால், "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே! தெரியாதவங்க நிம்மதியா ஏறட்டும்" என்பார்.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. லிப்டில் சத்தம் கேட்டால் முதலில் அதை நிறுத்தி, 'பழுது, பயன்படுத்தாதீர்கள்' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் மறு பேச்சு. அடுத்தது, லோடு ஏற்றிப் பார்ப்பது. வெறும் பெட்டியாக ஓடும்போது ஒளிந்துகொள்ளும் சத்தம், மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினால் தானே வெளியே வந்துவிடும். கடைசியாக, கழற்றிய உதிரியைக் கட்டடத்துக்காரர் கையில் கொடுக்காமல் படியிறங்க மாட்டார். "உங்க சாமான், நீங்களே வச்சுக்கங்க. நாளைக்கு நான் மாத்தவே இல்லைன்னு சொல்லக்கூடாது பாருங்க."

இத்தனை வருடம் படியேறியதில் வலது இடுப்பு தேய்ந்து, மாற்று மூட்டு வைத்தார்கள். உலோகக் கிண்ணத்துக்குள் உலோகக் குண்டு. "எனக்கே பேரிங் மாத்தியாச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு சில வருடங்கள் நன்றாகத்தான் ஓடின. பிறகுதான் அந்தக் கிறீச். உட்கார்ந்து எழுந்தால் ஒன்று, படியில் கால் வைத்தால் ஒன்று.

"செருப்பு" என்றார் அவர்.

"வெறுங்காலோட நிக்கறீங்க" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. அவருடைய பேன்ட் வலது பக்கம் மட்டும் தரையில் இழுபடுவதை அவள் முன்பே கவனித்திருந்தாள். ஒரு தடவை மடித்துத் தைத்தாள். சில மாதம் கழித்து அதே காலை மறுபடியும் மடிக்க வேண்டி வந்தபோது ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பேன்டின் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து அளந்தாள். துணி நீளாது. கால்தான் குட்டையாகிக்கொண்டு வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சலூன்காரரிடமிருந்து போன் வந்தது. அறுவை சிகிச்சையின்போது பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் அவர். அவருக்கும் அதே இடுப்பு.

"அண்ணே, செய்தி பாத்தீங்களா? நமக்கு வச்ச இடுப்பு மூட்டைக் கம்பெனிக்காரன் திரும்ப வாங்கிக்கறானாம்."

"தாராளமா வாங்கிக்கட்டும். பார்சல்ல நான் மட்டும் போகணுமா, வீட்டுக்காரியையும் சேத்துக் கட்டணுமா?"

"விளையாடாதீங்கண்ணே. உலோகத்தோட உலோகம் உரசி உள்ளுக்குள்ள தூளா கொட்டுதாம். ரத்தத்துல கலக்குதாம். எல்லாத்துலயும் இல்ல, ஒரே சமயத்துல செஞ்ச சில வரிசையிலதானாம். நம்மளுது எந்த வரிசைன்னு யாருக்குத் தெரியும்?"

போனை வைத்தபோது சிரிப்பு அவர் முகத்திலேயே காய்ந்து போயிருந்தது. உலோகத்தூளை அவரைவிட நன்றாக யார் பார்த்திருப்பார்கள்? லிப்ட் ஓடித் தேய்ந்த தண்டவாளத்துக்கு அடியில் கிரீஸோடு குழைந்து கன்னங்கரேலென்று கிடக்கும். எத்தனை துணி போட்டுத் துடைத்தாலும் வந்துகொண்டே இருக்கும். அது தன் தொடை எலும்பைச் சுற்றி அப்பிக்கிடப்பதாக நினைத்ததும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. போனால் தெரிந்துவிடும், போகாதவரை ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு. கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில், பழைய இரும்புச் சங்கிலிகளை இரண்டு பைகளில் நிரப்பித் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு குடியிருப்பின் படிக்கட்டு முன்னால் போய் நின்றார்.

"நீ பின்னாடியே வா. காதை இடுப்புகிட்ட வச்சுக்க. எந்தப் படியில சத்தம் வருதுன்னு மட்டும் சொல்லு."

"புத்தி கெட்டா இப்படியா கெடும்! நீங்க என்ன லிப்டா?"

"சத்தம் போடாத. சத்தம் கேக்காது."

முதல் மாடியில் ஒன்றுமில்லை. "பாத்தியா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிறீச் என்றது. அடுத்த படியில் அது கிறீச்சாக இல்லை, ஈரக்கட்டை முறிகிற மாதிரி மழுங்கலான ஒரு சத்தம். பைகள் இரண்டும் படிகளில் உருண்டு, சங்கிலியெல்லாம் சிதறி, கட்டடமே கதவைத் திறந்து பார்த்தது. மேலேகீழே நடுவில் உட்கார்ந்திருந்தார். வலது கால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

மனைவி ஒப்பாரி வைக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், கருவிப்பையிலிருந்த பலகையை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் கழுத்தில் மாட்டினாள்.

"சத்தம் வந்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்துவேன்."

"நிறுத்தியாச்சு. எழுந்திரிக்காதீங்க. வண்டிக்குச் சொல்லியிருக்கேன்."

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா அந்தப் பலகையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. எலும்பு முறியவில்லை, மூட்டு இளகியிருக்கிறது என்றார். "திரும்ப வாங்கறாங்கன்னா எல்லாருக்கும் கழட்டணும்னு அர்த்தம் இல்ல. உங்களுக்கு வச்சதோட வரிசை எண்ணை எங்க பதிவுல தேடச் சொல்லிட்டேன். ரத்தத்துல உலோகம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். சத்தம் வந்த அன்னிக்கே ஏன் வரல?"

"லோடு ஏத்திப் பாத்துட்டு வரலாம்னு..."

"எதை ஏத்தி?"

மனைவி விளக்கினாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, முடிவுக்குக் காத்திருந்தார்கள். தையல் மிஷின் ஓடும், நிற்கும். அது நிற்கிறபோதெல்லாம் அவர் தலை நிமிரும். சலூன்காரர் தினமும் கூப்பிட்டார். அவருடைய ரத்தம் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது, பாவம்.

இவருடையது சுத்தமாக இல்லை. வரிசை எண்ணும் கம்பெனி திரும்பக் கேட்ட அந்த வரிசைதான். மூட்டைச் சுற்றி நீர் கோத்து, சதை கெட ஆரம்பித்திருந்தது. கழற்றி வேறு வைக்க வேண்டும்.

அதற்குள் கம்பெனி சார்பில் ஒருவர் போனில் வந்தார். குரலில் தேன் ஒழுகியது. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கழற்றும் மூட்டை மட்டும் சோதனைக்கு எங்களிடம் அனுப்பச் சம்மதம் சொல்லுங்கள், வாயால் சொன்னாலே போதும் என்றார். பயத்தில் இருந்த மனிதர், "அதுக்கென்ன சார், எடுத்து..." என்று தொடங்கியதும் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஊரான் வீட்டுத் துருப்பிடிச்ச போல்ட்டக்கூட அவன் கையில குடுத்துட்டுத்தான் வருவீங்க. உங்க இடுப்பை மட்டும் தூக்கிக் குடுப்பீங்களோ?"

அவருக்குச் சுரீரென்றது. மறுநாள் டாக்டரம்மாவிடம், "கழட்டின சாமான் எனக்கு வேணும்மா" என்றார்.

"தாராளமா கேக்கலாம். உங்க பேர் போட்டு, சீல் வச்சு, பத்திரமா வைக்கச் சொல்றேன். உங்க சம்மதம் இல்லாம யாருக்கும் போகாது. நாளைக்கு நஷ்டஈடுன்னு போனா அதுதான் சாட்சி. வக்கீலைக் கேக்காம எதுக்கும் தலையாட்டாதீங்க. மருந்து, கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கும் புகார் எழுதுங்க. நானும் எழுதறேன்."

அறுவை சிகிச்சை நீண்டது. வெளியே உட்கார்ந்திருந்த மனைவி, எடுத்து வந்திருந்த அவருடைய பேன்டின் மடிப்பை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். கால் பழைய நீளத்துக்கு வந்தால் வேண்டியிருக்கும். வராவிட்டால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். இரண்டு கால் மடிப்பையும் பிரித்துவிட்டாள் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாமான் எங்கே?" டாக்டரம்மா சீல் வைத்த கண்ணாடி டப்பாவைத் தூக்கிக் காட்டினார். குண்டின் ஒரு பக்கத்தில் பளபளப்பே இல்லை.

இன்று மேலேகீழே இருபது வயதுப் பையன் மாதிரி இருக்கிறார். கைத்தடியைத் தூக்கி எறிந்துவிட்டார். தொல்லை தீர்ந்தது. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சில், மொட்டைமாடி வரைக்கும்...

"எங்க ஏறுனாரு பெரியம்மா?" நான் எழுதுவதை என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்த தையல்காரி குறுக்கிட்டாள். "தடி கதவுக்குப் பின்னாடி இருக்கு. படிப் பக்கமே போறதில்ல. லிப்ட்லதான் போறாரு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு. தொல்லை தீர்ந்ததுன்னும் எழுதாதீங்க. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் டெஸ்டுக்குக் குடுக்கணும்."